கடலோர வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போகிறோம்: போன முறை கெட்டதெல்லாம் மறுபடி கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கீழக்கரைக்காரன்

அனைவருக்கும் சலாம், வணக்கம். எங்கள் வீடு கீழக்கரையில், கடலிலிருந்து முந்நூறு அடி இருக்கும். வாப்பா கட்டியது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் வந்து மே கடைசி வரை தங்குவோம். அப்புறம் டிசம்பரில்தான் கதவு திறக்கும்.

போன வருடம் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்தோம். ஜன்னல்களை இறுகச் சாத்தி இடுக்கில் துணி திணித்தோம். பிரிட்ஜை அணைத்து மூடினோம். மாடியிலிருந்த பிளாஸ்டிக் டேங்கைக் காலி செய்தோம். எல்லாம் சரியாகச் செய்தோம் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பரில் வந்தபோது பூட்டு திறக்கவில்லை, அறுத்துத்தான் எடுத்தோம். உள்ளே சாக்கடை நாற்றம், குளியலறை முழுக்கக் கரப்பான். இரண்டே வருடமான இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போயிருந்தது. போர் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கீழ்ச்சுவரில் மாவு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது. பீரோவில் இருந்த உம்மாவின் கல்யாணப் புடவையில் பூஞ்சை. மற்றதெல்லாம் காசு கொடுத்தால் வரும். அந்தப் புடவை வராது.

ஜூன் முதல் வாரம் மறுபடி கிளம்புகிறோம். எங்கே தவறினோம்?

உச்சிப்புளி வயர்மேன்

காக்கா (அண்ணே), மெயினை அணைத்தீர்கள், இன்வெர்ட்டரை அணைத்தீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. மெயின் போனால் இன்வெர்ட்டருக்குக் கரண்ட் கட் ஆன கணக்குதான். ஒரு நைட் லேம்ப் எரிந்தாலும், எதுவுமே எரியாவிட்டாலும், அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில நாளில் காலி. அப்புறம் ஆறு மாதம் காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத்தகட்டில் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது.

இந்த முறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, முழுக்க சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, பேட்டரி வயரையே கழற்றிவிடுங்கள். முனையில் வாஸ்லின் தடவுங்கள். கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது சார்ஜ் போட வேண்டும்.

மோட்டார் உறுமினால் உடனே அணையுங்கள். சுற்றாமல் உறுமிக்கொண்டே இருந்தால் உள்ளே செம்புக் கம்பிச் சுருள் எரிந்துவிடும். முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியில் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான், செலவும் குறைவு. அதற்கும் சுற்றவில்லை என்றால் உப்புத் தண்ணீரில் உள்ளே இறுகியிருக்கும், மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓடினால் இறுகாது.

மின் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். மீட்டர் உள்ளே இருந்தால் கணக்கெடுக்க வருபவர் 'டோர் லாக்' என்று எழுதிவிட்டுப் போவார். வெளிச்சுவருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மண்டபம் அக்கா

தம்பி, புடவைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. எனக்கும் அம்மாவின் சேலை ஒன்று அப்படிப் போனது. இனி அந்த மாதிரித் துணியை இங்கே வைக்கவே வேண்டாம், கையோடு கொண்டு போய்விடுங்கள்.

இறுகச் சாத்தியதுதான் முதல் தவறு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லை. மேலே இருக்கும் வென்டிலேட்டர்களை வலை அடித்துத் திறந்தே விடுங்கள். பீரோ, சமையலறை அலமாரி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் கதவும் திறந்திருக்கட்டும். பிரிட்ஜ் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையும் துடைத்துவிடுங்கள். மெத்தையைச் சுவரில் சாய்க்காமல் கட்டிலில் நிமிர்த்தி வையுங்கள்.

சாக்கடை நாற்றம் குழாய் உடைந்து வந்ததல்ல. தரைத் துவாரத்துக்குக் கீழே வளைவில் தண்ணீர் நிற்கிற வரைக்கும்தான் நாற்றமும் கரப்பானும் மேலே வராது. சில வாரத்தில் அது வற்றிவிடும். கிளம்பும் அன்று எல்லாத் துவாரத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்தால் தண்ணீர் வற்றாது, கொசுவும் முட்டை வைக்க முடியாது. மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு கல் வையுங்கள். கழிப்பறைக் கோப்பைக்கும் இதே வைத்தியம்தான். பிளஷ் டேங்கை மட்டும் காலி செய்துவிடுங்கள்.

கீழக்கரைக்காரன்

காக்கா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இன்வெர்ட்டரை அணைக்கவில்லை, ஹாலில் ஒரு சின்ன விளக்கும் அதில்தான் இருந்தது. வென்டிலேட்டரைத் திறந்துவிட்டால் கச்சான் காற்றில் (தென்மேற்குக் காற்று) மணலும் உப்பும் உள்ளே வராதா? அந்தப் பயத்தில்தான் துணி திணித்தோம்.

ஏர்வாடி கொத்தனார்

வரும் தம்பி. தென்கடல் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் அடிக்கிற அடிக்கு எதைச் சாத்தினாலும் கொஞ்சம் வரும். அதனால் தெற்கு, மேற்கு வென்டிலேட்டர்களைச் சாத்தி, வடக்கு, கிழக்கு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். ஐப்பசியில் வாடை திரும்பி மழை வரும்போது மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், பூட்டுவதற்கு முந்தின நாள் வீட்டைக் கழுவுவது. உப்பு தானாகப் போகாது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து இரும்பைத் தின்னும். கிரில், கேட், ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் ஒரு டிரம் வாங்கியாவது கழுவுங்கள். துருவைச் சுரண்டிக் கழுவி, காய்ந்த பிறகுதான் ரெட் ஆக்சைடு, பெயிண்ட். உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரே மழையில் கொப்புளித்துவிடும்.

சுவரில் உதிர்வது உப்பு பூப்பது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் உப்பையும் கொண்டு வருகிறது. எமல்ஷன் அடித்து அடைத்திருந்தால் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும். அந்த மூன்றடி உயரத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள், சுவர் மூச்சு விடும்.

பூட்டுக்கு: பித்தளைப் பூட்டு வாங்கி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி மேலே போர்த்துங்கள்.

உச்சிப்புளி வயர்மேன்

ஒன்று விட்டுப்போச்சு. டேங்கைக் காலி செய்யாதீர்கள். காலி பிளாஸ்டிக் டேங்க் புயல் காற்றில் பறக்கும். நிரப்பி, வால்வை மூடி, மூடியைக் கட்டிவிடுங்கள்.

மண்டபம் அக்கா

ஆறு மாதம் நின்ற தண்ணீர் புழுத்துப்போகாதா தம்பி? மூடி கொஞ்சம் விலகினால் போதும், பத்து நாளில் கொசு பறக்கும். நான் காலி செய்து, நைலான் கயிற்றால் நாலு பக்கமும் கட்டித்தான் வைப்பேன்.

ஏர்வாடி கொத்தனார்

கட்டுவதற்கு மாடியில் கொக்கி இருந்தால் அக்கா சொன்னபடி செய்யலாம். இல்லாவிட்டால் நிரப்பி, மூடிக்குக் கீழே கொசுவலை கட்டி, வந்ததும் கழுவிக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் போகும் துவாரத்தை மட்டும் மறக்கவே கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இந்தக் கடற்கரையை ஒட்டியே நின்று கொட்டியபோது, வேப்பிலை அடைத்த மாடிகளெல்லாம் குளமாகி உள்ளே ஒழுகின. ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆள் ஏறிப் பார்க்கணும். தேங்காயையும் அப்போதே இறக்கிவிடுங்கள்.

கீழக்கரைக்காரன்

ஆகஸ்ட் மாதத் தகவல். நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். மாடியில் கொக்கி இல்லாததால் டேங்கை நிரப்பி வலை கட்டியிருக்கிறோம். மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றியதுமே ஓடியது. கிளம்பும்போது காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டு வந்தோம். எதிர்வீட்டு மாமியிடம் சாவி இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளி அவர் மகன் போய்க் கதவு ஜன்னலை இரண்டு மணி நேரம் திறந்து, மோட்டாரை ஓடவிட்டு, துவாரத்தில் தண்ணீர் ஊற்றி, எனக்கு வீடியோ அனுப்புகிறான். அவன் கல்லூரிப் பஸ் பாஸ் செலவு என்னுடையது. நாற்றம் இல்லை, பீரோ காய்ந்திருக்கிறது. ஒரே ஒரு மூலையில், சுண்ணாம்பு அடித்த இடத்திலும் வெள்ளை பூத்திருக்கிறது. வேறு எங்கும் இல்லை.

ஏர்வாடி கொத்தனார்

அந்த மூலைக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா? இருந்தால் அது தரை ஈரம் இல்லை, குழாய்க் கசிவு. டேங்கின் வால்வு முழுக்க மூடியிருக்கிறதா என்று அந்தப் பையனை நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.