மூலை வளைவு ஸ்கெட்ச்சிலா, திடவடிவத்திலா?

புதியவள்: ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் 80 × 50 மி.மீ. செவ்வகம் வரைந்து, தடிமன் தரும் பேட் கருவி மூலம் 6 மி.மீ. தகடாக்க வேண்டும். மூலைகளில் 5 மி.மீ. வளைவும் எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளுக்கு நான்கு துளைகளும் தேவை. எல்லாவற்றையும் ஒரே ஸ்கெட்ச்சில் (தட்டையான வரைபடத்தில்) வரையலாமா?

வரைபலகை: தாராளமாக வரையுங்கள். மூடிய வெளிக்கோட்டுக்குள் வட்டங்கள் இருந்தால் பேட் அவற்றைத் துளைகளாகவே எடுத்துக்கொள்ளும். வளைவைத் திடவடிவத்தின் விளிம்பில் போடுவதுதான் ஆபத்து. பிறகு ஸ்கெட்ச்சில் ஒரு கோடு சேர்த்தாலும் விளிம்பு எண்கள் மாறி, ஃபில்லெட் (விளிம்பில் போட்ட வளைவு) வேறு மூலைக்குத் தாவும் அல்லது பிழை காட்டி நிற்கும்.

பட்டறைக்காரர்: இதை நான் ஏற்கவில்லை. விளிம்பு எண்கள் மாறும் அந்தப் பெயர்ச் சிக்கலை 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு பெருமளவு தீர்த்துவிட்டது. ஸ்கெட்ச்சில் மூலை வளைவுகளாக நான்கு வில்களைச் சேர்த்தால், வில்லும் கோடும் சீராகத் தொட வேண்டும் என்ற எட்டுத் தொடுகைக் கட்டுப்பாடுகள் வந்து சேரும். வளைவே வேண்டாம் என்று நாளை முடிவானால் ஆரத்தைச் சுழியம் ஆக்க முடியாது, வெளிக்கோட்டையே திரும்ப வரைய வேண்டும். ஃபில்லெட் தனியாக இருந்தால் அதை மட்டும் நீக்கினால் போதும். துளைகளுக்கும் திடவடிவத்தில் துளையிடும் ஹோல் கருவிதான் சரி. எம்6க்கு நடுத்தரப் பொருத்தத்தில் 6.6 மி.மீ. விட்டம், எம்8க்கு மாறினால் 9 மி.மீ. அளவைத் தேடி அலையாமல் கருவியிலேயே மாற்றலாம்.

வரைபலகை: "பெருமளவு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஐயா. பழைய கோப்புகளை இன்னும் பழைய பதிப்பிலேயே திறப்பவர்கள் இருக்கிறார்கள். தவிர, இது லேசரில் வெட்டும் தகடாக இருந்தால் வெளிக்கோடுதான் வேலையே. வளைவையும் சேர்த்து அதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர்: வெட்டுக்கோட்டைத் திடவடிவத்தின் முகத்திலிருந்தும் எடுக்கலாமே! இருமுனையும் அரைவட்டமான நீள்துளை என்றால் உங்கள் பக்கம் வருகிறேன். அங்கே வில்தான் வடிவம். இந்த மூலை வளைவோ கையைக் கிழிக்காமல் இருப்பதற்காக மட்டுமே.

புதியவள்: முதலில் ஒரே ஸ்கெட்ச்சில் முயன்றேன். கோடுகள் மூடியிருப்பதாகத் தெரிகிறது, ஆனால் பேட் பிழை காட்டுகிறது.

வரைபலகை: முனைகள் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தாலும், இணைப்புக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அவை தனித்தனிப் புள்ளிகள்தான். ஸ்கெட்ச் சரிபார்ப்புக் கருவி விடுபட்ட இணைப்புகளைக் காட்டும். கோடுகள் முழுவதும் பச்சையாகும் வரை பேட் பக்கம் போகாதீர்கள்.

பட்டறைக்காரர்: இதில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் வெறும் செவ்வகம் என்றால் தேட வேண்டிய முனைகள் நான்குதான், வில்களோடு எட்டு.