ரெசனன்ஸ் கூட்டினால் பேஸ் மெலிகிறதே?

கேள்வி: சிந்தசைசரில் மூக் வகை லேடர் ஃபில்டரை (மேல் அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டி) வைத்து பேஸ் ஒலி செய்கிறேன். ரெசனன்ஸை (வெட்டும் இடத்தருகே ஒலியைத் தூக்கும் அமைப்பு) ஏற்றியதும் அடி கனம் போய் விசில்தான் மிஞ்சுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த ஃபில்டரின் இயல்பே அதுதான். வெளியே வரும் சிக்னலைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே விடுகிறார்கள், கட்ஆஃப் (வெட்டு தொடங்கும் அலைவரிசை) அருகே அது கூடி முனையாக எழும்புகிறது, கீழ் அலைவரிசைகளிலோ எதிர்த்துக் கழித்துவிடுகிறது. இழந்த அடி கனத்துக்கு ஒரு சைன் அலையை (மேல்சுரங்கள் இல்லாத தூய ஒலி) ஃபில்டருக்கு வெளியே கலந்து பாருங்கள்.

இன்னொருவர்: என்வலப் (ஒவ்வொரு சுரத்திலும் கட்ஆஃபை ஏற்றி இறக்கும் பகுதி) எப்படி வைத்திருக்கிறீர்கள்? கட்ஆஃப் அசையாமல் நின்றால் ரெசனன்ஸ் வெறும் விசில்தான். 1981-இல் வந்த ரோலண்ட் டிபி-303 பேஸ் சிந்தசைசரில் என்வலப்பின் நேரத்தை மாற்ற டீகே (இறங்கும் நேரம்) குமிழ் மட்டும்தான், ஆனாலும் என்ன அருமையான 'க்வாவ்'! நீங்களும் அட்டாக் (ஏறும் நேரம்), சஸ்டெயின் (இறங்கியபின் நிற்கும் அளவு) இரண்டும் பூஜ்யம், டீகே 200 மில்லிசெகண்ட், கட்ஆஃப் நன்றாகக் கீழே என்று வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்: சஸ்டெயின் முழுசாக இருந்தது! இறக்கியதும் சத்தம் பேசுகிறது. இனி சைன் சேர்க்கிறேன், நன்றி.