எட்டோஷா போகிறீர்களா? குட்டையோரம் உட்காருங்கள்

ஆகஸ்டில் குடும்பத்தோடு தென்மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியா போகிறோம், அங்குள்ள எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல மாதம்தான். அந்தச் சமயத்தில் அங்கே மழை கிடையாது. உள்காட்டில் தேங்கிய தண்ணீரெல்லாம் வற்றிப்போய், பூங்காவிலுள்ள பெரிய உப்புப் பரப்பின் தெற்கு ஓரத்திலுள்ள ஊற்றுகளும் குட்டைகளும்தான் விலங்குகளுக்குக் கதி. அதனால் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: வண்டியை ஓட்டி ஓட்டித் தேடாதீர்கள். நல்ல குட்டையாகப் பார்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

தங்குவது பூங்காவுக்கு உள்ளேயே இருக்கட்டும். சூரியன் உதிக்கும்போது திறக்கும் கேட்டுகள், மறையும்போது மூடிவிடும். வெளியே தங்கினால் விடியலும் அந்தியும் கேட்டுக்கு அலைவதிலேயே போய்விடும். ஒகாகுயேயோ, ஹலாலி, நமுடோனி என்ற மூன்று பழைய முகாம்களும் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக, அடுத்ததற்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. மேற்கே ஒகாகுயேயோவில் தொடங்கி நமுடோனி பக்கமாக வெளியேறினால் வந்த வழியே திரும்ப வேண்டாம். ஒகாகுயேயோவில் அறை கிடைப்பதுதான் பெரிய பாடு. அதை உறுதி செய்தபிறகு விமான டிக்கெட்டைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்த முகாமின் சுவரை ஒட்டியே ஒரு குட்டை இருக்கிறது. இரவு முழுக்க மங்கலான விளக்கு எரியும். பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். நான் உட்கார்ந்த அன்று, இருட்டியதும் முதலில் கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து இறங்கின. பிறகு ஒரு கறுப்புக் காண்டாமிருகம் குட்டியோடு வந்தது. கூர்ந்து நீண்ட அதன் மேலுதடு தண்ணீரைத் தொட்டதும் வட்ட வட்டமாக அலை எழும்பியது. குடித்து முடித்தும் தாய் நகரவில்லை, காதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யானைக் கூட்டம். சுண்ணாம்பு மண்ணில் புரண்டதால் சுவருக்கு வெள்ளையடித்ததுபோல் இருந்தன. காண்டாமிருகம் ஒதுங்கி வழிவிட்டது, குட்டி தாயின் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டது. பெஞ்சில் இருந்த யாரும் மூச்சுவிடவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்கை அவ்வளவு பக்கத்தில், அதன் போக்கில் விட்டுப் பார்ப்பது பெரிய பேறு.

மறுமொழி

அண்ணா சொன்னதோடு வண்டி விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். வறண்ட காலத்தில் சாதாரண காரே போதும். நம் ஊர்போல இடது பக்க ஓட்டம்தான். ஆனால் பூங்காவுக்குள் பெரும்பாலும் கப்பி ரோடு, டயர் பஞ்சர் சகஜம். எங்களுக்கு வாடகைக்கு வந்த வண்டியில் ஜாக்கி இறுகிப்போய்த் திருகவே முடியவில்லை. சிங்கம் திரியும் இடத்தில், இறங்கவும் கூடாத நிலையில், இன்னொரு வண்டி வந்து முகாமுக்குச் சொல்லும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தலைநகர் விண்ட்ஹூக்கில் சாவியை வாங்கும்போதே ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். குழந்தைகளோடு போனால், வேலி போட்ட கழிப்பறைகள் எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள், அங்கே மட்டும்தான் இறங்கலாம். அரிசி, பருப்பு, காய்கறியை பூங்காவுக்குப் போகும் வழியிலுள்ள அவுட்ஜோ ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், ஆகஸ்ட் விடியற்காலையில் பல் கிட்டும்.

மறுமொழி

நாங்கள் போனது மார்ச்சில், மழைக்காலத்தில். தண்ணீர் எங்கும் கிடைப்பதால் விலங்குகள் சிதறிவிடும், சிங்கம் கண்ணிலேயே படவில்லை. ஆனால் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் உப்புப் பரப்பில் வடக்கிலிருந்து வரும் எகூமா, ஓஷிகாம்போ ஆறுகளின் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. நல்ல மழை பெய்த வருடங்களில் பூநாரைகள் அங்கே கூடு கட்டும். முதல் தடவை போகிறவர்கள் ஆகஸ்டிலேயே போங்கள், பறவைப் பைத்தியங்கள் மார்ச்சையும் யோசியுங்கள். மழைக்காலத்தில் மலேரியா அபாயம் அதிகம், முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள்.

ஒகாகுயேயோவுக்கு மேற்கே, நம் முருங்கையின் உறவான ஒரு மரம் தோப்பாக நிற்கிறது. பருத்த வெளுத்த அடிமரம், முறுக்கிய கிளைகள். நேரம் இருந்தால் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த மண்ணில் ஹாய்ஓம் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்தார்கள். 1950களில் அவர்களை வெளியேற்றினார்கள். நாம் வண்டியை நிறுத்தும் பல ஊற்றுகள் அவர்கள் குடியிருந்த இடங்கள். முகாமில் ஹாய்ஓம் வழிகாட்டி கிடைத்தால் அவரோடு ஒரு சுற்று போய் வாருங்கள்.

மறுமொழி

மூவருக்கும் நன்றி. ஒகாகுயேயோவுக்கு இன்றைக்கே எழுதிக் கேட்கிறேன். அம்மாவுக்கு 68 வயது, இரவில் பெஞ்சில் உட்காருவது ஒத்துவருமா?

மறுமொழி

தாராளமாக. அறையிலிருந்து மெதுவாக நடந்தே போய்விடலாம். முதுகுக்கு ஒரு தலையணையும் ஃபிளாஸ்கில் சுடுதண்ணீரும் கொண்டுபோங்கள்.