35 சதவீதம் காட்டும்போதே போன் அணைகிறது: பேட்டரியா, போர்டா?

அம்மாவின் போன் 35 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகி ஆன் செய்தால் மறுபடியும் 30, 32 என்றுதான் காட்டுகிறது. சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. கேமரா திறந்தாலோ வீடியோ கால் போட்டாலோதான் இப்படி. அம்மா பகலில் வீட்டில் தனியாக இருப்பவர், அதனால் ரொம்பக் கவலையாக இருக்கிறது.

2021-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், 5000 எம்ஏஎச், கழற்ற முடியாத பேட்டரி, 18 வாட் சார்ஜர். ஊர் மதுரை. இந்தக் கோடையில்தான் ஆரம்பித்தது. பின்மூடி உப்பவில்லை.

முழுக்கத் தீரவிட்டு, அணைத்த நிலையிலேயே 100 வரை ஏற்றிப் பார்த்தேன். சார்ஜர், கேபிள் மாற்றியாயிற்று. சேஃப் மோடிலும் (நாம் ஏற்றிய ஆப்கள் இயங்காத நிலை) அதே கதை, ஃபேக்டரி ரீசெட் செய்தும் பலனில்லை. பேட்டரி நிலையைக் காட்டும் அக்யூபேட்டரி ஆப்பில் பார்த்தால், கேமரா திறந்ததும் வோல்டேஜ் 3.7-லிருந்து 3.3-க்குச் சரிகிறது, சதவீதம் மட்டும் அசையவே இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் செல் பழசானால் உள்தடை (அதற்குள்ளேயே மின்சாரம் ஓடுவதற்கு இருக்கும் தடை) கூடி, லோடு ஏறும்போது வோல்டேஜ் இப்படி விழும். அதனால் பேட்டரி செல்தான் போய்விட்டது என்று எனக்குப் படுகிறது. சர்வீஸ் கடைக்காரரோ, திறந்துகூடப் பார்க்காமல், போர்டு (மதர்போர்டு) போச்சு, புதுசு வாங்கிக்குங்க என்கிறார்.

இதே அறிகுறி வந்து சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?