புதுப்பிப்பு: கப்பலில் ராத்திரி 11 மணிக்கு மேல கலகலப்பு உண்டுமா? உண்டு

சிங்கப்பூரிலிருந்து கிளம்புற சுற்றுலாக் கப்பலில் ராத்திரி ஆட்டம்பாட்டம் உண்டுமா, இல்ல சாப்பிட்டதும் எல்லாரும் படுத்துருவாங்களான்னு போன மாசம் கேட்டிருந்தேன். சொல்லித்தந்த எல்லாருக்கும் நன்றி மக்கா. நேத்துதான் நாகர்கோவில் வந்து சேர்ந்தோம்.

பலிச்சது குளச்சல் அண்ணாச்சி சொன்ன யோசனைதான்: 7 இரவு வேண்டாம், வெள்ளிக்கிழமை கிளம்புற 3 இரவு எடு, இளவட்டம் அதுலதான் ஏறும். அறைக்கு வர்ற நிகழ்ச்சித்தாளைக் கீழேயிருந்து மேல படிக்கவும் சொன்னார். பிந்துன நேரத்து ஆட்டமெல்லாம் கடைசி வரியில்தான் கிடக்கு.

முதல் நாள் 11 மணிக்கு டிஸ்கோவில் ஈ, காக்கா இல்ல. காசு போச்சேன்னு நினைச்சேன். 12 தாண்டினதும் நிக்க இடமில்ல! கேசினோ, கப்பல் கடல் எல்லை தாண்டின பிறகுதான் திறந்தாங்க. நமக்கு அது வேண்டாத வேலை.

எதிர்பாராதது ஒண்ணு. ஃபுக்கெட்டில் டவர் பிடிச்சதும் போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிட்டு, 1 மணி நேரம் பின்னால. கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிச்சு. போன் நேரத்தை நம்பி கரோக்கிக்குப் போனா மைக்கைச் சுருட்டிட்டு இருக்காங்க. அறைக் கடிகாரத்தை மட்டும் நம்புங்க.