330ஐ-க்கு டயர்: மறுபடியும் ரன்ஃப்ளாட்டா, சாதாவா?

காரைக்குடியிலிருந்து எழுதுறேன். வண்டி பிஎம்டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட், 2020 மாடல், 52,000 கி.மீ. டயர் அளவு முன்னாடி 225/45 ஆர்18, பின்னாடி 255/40 ஆர்18. நாலும் ரன்ஃப்ளாட் (காத்து இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்), ஸ்டெப்னி கிடையாது.

மூணு வாரத்துக்கு முன்னாடி, ராத்திரி மழையில திருப்பத்தூர் தாண்டி ஒரு பள்ளத்துல இறங்கிடுச்சு. காலையில பார்த்தா முன் இடது டயரோட பக்கவாட்டுல பாதி எலுமிச்சம்பழம் ஒட்டி வச்ச மாதிரி புடைப்பு. பின் டயர் ரெண்டும் வெளியில நல்லாத்தான் தெரியுது, உள்பக்கம் கையை விட்டுத் தடவினா வழுக்கை. அன்னையிலேர்ந்து வண்டி கொட்டகையிலதான் நிக்குது.

அலைன்மென்ட் பார்த்தாச்சு, பின் கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) சரி பண்ணியாச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறங்கிறதால மாத்திப் போடவும் வழியில்லை. ஊர்ல ரெண்டு கடையில இந்த அளவே இல்லைன்னுட்டாங்க. மதுரையில ஒரு கடைக்காரர் ரன்ஃப்ளாட் எடுத்துக் காட்டினார். பக்கவாட்டு எண் 1121, அதாவது 2021-ல 11-வது வாரம் செஞ்சது. புது விலைக்குப் பழைய சரக்கு, வேண்டாம்னு வந்துட்டேன். இன்னொருத்தர் முன்னாடி மட்டும் சாதா போடலாம்கிறார். கலந்து போட எனக்கு மனசு ஒப்பலை.

நாலுமே சாதாவா, மிச்லின் பைலட் ஸ்போர்ட் 4 போட்டு, டிக்கியில பஞ்சர் கிட்டும் காத்தடிக்கிற மெஷினும் வச்சுக்கலாம்னு யோசனை. ரன்ஃப்ளாட் இடி அப்பச்சி முதுகுக்கும் ஆகலை. ஆனா காத்து சுத்தமா இறங்கினாலும் 80 வேகத்துல 80 கி.மீ. வரை ஓட்டி வீடு சேரலாம்ங்கிற தைரியம் போயிடும்.

இதே வண்டியில ரன்ஃப்ளாட்டை விட்டு சாதாவுக்கு மாறி, நம்ம பக்கத்து ரோட்டுல ஒரு வருஷமாவது ஓட்டினவங்க இருந்தா சொல்லுங்க: மறுபடி வாங்கினா எதை வாங்குவீங்க?