பூவில் தெரியும் சிட்டு: 'போலிமை' சரிவராது, 'குறிப்பேற்ற ஒப்புமை' எப்படி?

வணக்கம் ஐயா,

ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) போலத் தெரியும் பச்சைப் பறவைப்பூவின் படத்துக்குப் 'பறவைப் போலிமை' (mimicry) என்று போடலாம் என்றீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

போலிமை என்றால் மூன்று பேர் வேண்டும்: அசல், அதைப் போலச் செய்வது, பார்த்து ஏமாறுவது. ஐரோப்பாவின் ஆஃப்ரிஸ் ஆர்க்கிடில் மூவரும் உண்டு. பூ பெண் தேனீயைப் போல இருக்கிறது, ஆண் தேனீ நம்பி வந்து அதோடு சேரப் பார்க்கிறது, மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பறவைப்பூவோ ஆஸ்திரேலியாவில், வடக்கே மணல்மேடுகளில் வளரும் புதர்ச்செடி. ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. செடிக்கு மகரந்தம் சுமக்கும் பெரிய தேனீக்களும் அந்த ஊர்த் தேனுண்ணிப் பறவைகளும் ஓசனிச்சிட்டைக் கண்டதே இல்லை, அப்புறம் ஏமாறுவது யார்?

நம் கிலுகிலுப்பையும் சணப்பும் இதே பேரினம்தான். சணப்பில் நாம் கயிறு திரித்தோம், அங்கே பழங்குடியினர் இந்தச் செடியின் பட்டைநாரில் செருப்பு செய்தார்கள். உரத்துக்கு விதைத்த சணப்பில் ஒரு பூவைக் கிள்ளிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். கொடி, சிறகு, படகு என்று பள்ளியில் படித்த அவரைக் குடும்பத்து இதழ்கள் அப்படியே இருந்தன. பறவைப்பூவிலும் அதே அமைப்புதான். பச்சை நிறம், மெல்லிய ஊதாக் கோடுகள், காம்போடு ஒட்டும் பக்கம் கூராக இருப்பது எல்லாம் சேர்ந்து, தண்டில் அலகைக் குத்தி நிற்கும் சிட்டாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிறகு, படகு என்ற பெயர்களே நாம் ஏற்றியவைதானே?

இந்த 'ஏற்றுதல்' நம் இலக்கணத்தில் உண்டு: தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில்தான் ஆடியது, கோவலனை வராதே என்று கைகாட்டியதாகச் சொன்னது கவிஞர். அதனால் 'குறிப்பேற்ற ஒப்புமை' என்கிறேன். 'தற்செயல் ஒப்புமை' எளிய சொல்தான், ஆனால் அது ஒப்புமை செடியிலேயே இருப்பதாகக் காட்டுகிறது, பார்ப்பவரை விட்டுவிடுகிறது. சுருக்கி 'ஏற்றொப்பு' என்றும் யோசித்தேன். ஏற்றுக்கொண்டு ஒப்புதல் தருவது போல ஒலித்ததால் விட்டுவிட்டேன்.

'பறவைப்பூவுக்கும் ஓசனிச்சிட்டுக்கும் இடையே இருப்பது குறிப்பேற்ற ஒப்புமை.' படத்தின் கீழே இப்படி எழுதி, வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்காவது இடறினால் சொல்லுங்கள், மாற்றலாம்.